கெஷ் ஜிக்: விசிலில் எந்த வேகம் சரி?

வணக்கம். டி விசிலில் (டி சுருதியில் அமைந்த, ஆறு துளை உள்ள சின்னக் குழல்) ஒன்றரை வருடமாக அயர்லாந்து மெட்டுகள் பழகுகிறேன். இப்போது கையில் இருப்பது கெஷ் ஜிக் என்ற துள்ளலான நடன மெட்டு. ஜி மேஜர், 6/8. மூன்று சுரத்துக்கு ஓர் அடி என்று மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 90 அடியில் வைத்தால் சுகமாக வருகிறது. பலர் கூடி வாசிக்கும் செஷனிலோ 110, 120 என்று பறக்கிறார்கள்.

சிக்கல் முதல் சுரத்திலேயே. அந்த நீளமான ஜி-யில் ரோல் போட வேண்டும்: மேலே ஒரு விரலைச் சட்டென்று தூக்கி, அப்புறம் கீழே ஒரு விரலால் ஒரு தட்டு. 100-ஐத் தாண்டினால் ஜி கேட்பதே இல்லை, குருவி தும்மியது போல இருக்கிறது. இரண்டாம் பகுதியில் மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது மூச்சும் தீர்ந்துவிடுகிறது. மூச்சுக்காக ஒரு சுரத்தை விடலாம் என்று தெரியும், எதை விடுவது? சரி, வேகத்தைக் குறைப்போம் என்று 75-க்கு இறக்கினால் ஜிக்கின் துள்ளலே போய்விடுகிறது.

ரோலுக்குப் பதில் வெறும் கட் (மேல் விரலைத் தூக்குவது மட்டும்) போட்டு வேகம் கூட்டலாமா? இல்லை, ரோல் தெளியும்வரை 95-இலேயே நிற்கட்டுமா? நடனத்துக்கு வாசித்தவர்கள் இருந்தால் அவர்கள் வைக்கும் வேகத்தையும் சொல்லுங்கள். வாசித்ததைப் பதிவுசெய்து போடுகிறேன், கேட்டுவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.