200 ரேட்டிங் (திறன் புள்ளி) கூடுதலான அணியோடு 4 பலகை செஸ் மேட்ச்: எப்படி ஆடுவது?

கேள்வி: ஒவ்வொரு பலகையிலும் எதிராளி 200 புள்ளி மேலே. 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். டிராவுக்கே ஆடலாமா?

பதில் 1: வேண்டாங்க. எலோ கணக்குப்படி (ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து முடிவை மதிப்பிடும் முறை) வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்றால் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.24தான், 4 பலகைக்கும் சேர்த்து 1 புள்ளிகூட தேறாது. டிரா வேண்டுமென்று காய்களை வெட்டிக்கொண்டே போனால் முடிவாட்டத்தில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) வலுவானவர் மெல்ல நசுக்கிவிடுவார். ராணிகள் பலகையிலேயே இருக்கட்டும்.

பதில் 2: நேரத்தையும் பாருங்க. 20-வது நகர்த்தலில் 6 நிமிடமாவது மிஞ்சணும்.

பதில் 3: முடிவாட்டத்தில் வெள்ளையின் யானை-சிப்பாய்க்கு எதிராகக் கறுப்பான உங்களிடம் வெறும் யானையா? கறுப்பு ராஜா சிப்பாய்க்கு எதிரே, உங்கள் யானை வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணினால் 6-ஆம் வரிசையில். சிப்பாய் 6-க்கு வந்ததும் யானையை 1-ஆம் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்க, டிரா. அவசரப்பட்டு முன்பே இறக்கினால் வெள்ளை ராஜா 6-ஆம் வரிசையில் புகுந்துவிடும். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான்!