ஸ்டெல்லன்போஷ் சிவப்பு ஒயின் ஆறு பாட்டில்: விலை கூடியது கடைசி இடத்துக்குப் போனது ஏன்?

சாட்ஸ்வொர்த் வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் நாங்கள் ஆறு பேர், சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை யார் வீட்டிலாவது கூடி சிவப்பு ஒயின் ருசி பார்த்து மதிப்பெண் போடுகிறோம். இந்த முறை கேப் டவுன் பக்கத்து ஸ்டெல்லன்போஷ் ஒயின் மட்டும்தான் என்று முடிவு செய்து ஆறு பாட்டில் வாங்கினோம். திராட்சை வகைப்படி பினோட்டாஜ் இரண்டு, மெர்லோ ஒன்று, ஷிராஸ் ஒன்று, கேபர்னே சோவினியோன் ஒன்று, அப்புறம் கேபர்னேயோடு மெர்லோவும் கேபர்னே ஃப்ராங்கும் சேர்த்த, பிரான்சின் போர்தோ பாணிக் கலவை ஒன்று. பாட்டிலையெல்லாம் பழுப்புத் தாளில் சுற்றி எண் போட்டோம், எது எது என்று ஊற்றியவருக்கு மட்டும்தான் தெரியும். நிறத்துக்கு 3, வாசனைக்கு 7, வாயில் ருசிக்கு 10, ஆக 20. எல்லோரும் போட்டதற்குச் சராசரி எடுத்தோம்.

முடிவு வந்ததும் எல்லோருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருப்பதிலேயே விலை குறைந்த பினோட்டாஜ் 16½ வாங்கி முதலிடம். கேபர்னேக்கு 11. காசு சேர்த்து வாங்கிய அந்தக் கலவை, ஆறிலும் விலை கூடியது, 9தான் வாங்கியது. அதில் பழவாசனையே வரவில்லை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாசனை, வாயில் வெறுமை. கேபர்னேயோ ஒரே துவர்ப்பு, பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கு ஒட்டிக்கொண்டது, தொண்டையில் சூடு வேறு.

ஜனவரி மாத மாலை, வெயில் போன பிறகும் வீட்டுக்குள் நல்ல புழுக்கம். பாட்டில்கள் மேசைமேல்தான் இருந்தன. நடுவில் சமூசா சாப்பிட்டுக்கொண்டே ருசித்தோம். எங்கள் நாக்குக்கு ஸ்டெல்லன்போஷ் கேபர்னே ஒத்துவரவில்லையா, அல்லது மதிப்பெண் போடும் விதத்தில் தவறா? தெரிந்தவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

மலைச்சரிவு எழுதியது:

அண்ணா, உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. நான் ஒன்பது வருஷமாக ஸ்டெல்லன்போஷில் ஒரு தோட்டத்தின் ருசிக்கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த இரண்டு பாட்டிலுக்கும் நடந்தது ஒன்றல்ல, வேறுவேறு. அதைச் சேர்த்துப் பார்த்ததால்தான் குழப்பம்.

முதலில் கலவை. நனைந்த அட்டை என்று எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, அது தக்கைக் கோளாறு. தக்கையில் டிசிஏ என்ற பொருள் உண்டாகி ஒயினில் இறங்கிவிடும். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும், அதைவிடக் குறைவாக இருந்தால் கெட்ட வாசனை தெரியாமல் பழவாசனையை மட்டும் அமுக்கிவிடும். எந்தத் தோட்டத்து ஒயினுக்கும், எந்த விலைக்கும் வரலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. அந்த 9ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் ருசித்தது அந்த ஒயினையே அல்ல. பாட்டிலில் மிச்சம் இருந்தால் மறுபடி முகர்ந்து பாருங்கள், காற்றுப் பட்டபின் அந்த வாசனை இன்னும் தூக்கலாகத்தான் தெரியும். பெரும்பாலான கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள், மிச்சத்தைக் கொட்டாமல் தக்கையோடு கொண்டுபோங்கள்.

இப்போது கேபர்னே. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்பது குளிர்நாட்டு வீடுகளை வைத்துச் சொன்ன பேச்சு, டர்பன் ஜனவரிக்கு அது பொருந்தவே பொருந்தாது. 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 28, 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசனை குழம்பிப்போகும். நீங்கள் சொன்ன தொண்டைச் சூடு அதுதான். ஊற்றுவதற்கு முன் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அவ்வளவுதான்.

துவர்ப்புக்கு வேறு காரணம். இங்கே சைமன்ஸ்பெர்க், ஹெல்டர்பெர்க் மலைச்சரிவுகளில் கருங்கல் உதிர்ந்த மண், பிற்பகலில் ஃபால்ஸ் பே கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று வந்து தோட்டத்தைக் குளிர்விக்கும். கேபர்னேயின் தோல் தடிப்பு, பழம் சின்னது, அதனால் இயல்பிலேயே துவர்ப்பு அதிகம், அந்தத் துவர்ப்புதான் அதை வருஷக்கணக்கில் தாங்க வைக்கிறது. உங்கள் பாட்டில் எந்த வருஷத்து அறுவடை என்று எழுதவில்லை. இரண்டு மூன்று வருஷத்துப் பாட்டில் என்றால், திறந்து டிகான்டரில் (அகன்ற கண்ணாடிக் குடுவை) ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டிருக்க வேண்டும். 2015, 2017 மாதிரி நல்ல அறுவடை எங்காவது கிடைத்தால் ஒன்று வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள், அதே துவர்ப்பு வயதானபின் என்ன ஆகிறது என்று நாக்கே சொல்லும்.

பினோட்டாஜ் முதலிடம் வந்ததற்கு வருத்தப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். இந்த ஊரிலேயே பிறந்த திராட்சை அது. 1925ல் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் சின்சோவையும் இணைத்து உண்டாக்கினார். சின்சோவுக்கு அப்போது இங்கே ஹெர்மிடாஜ் என்று பெயர், அதனால்தான் இந்தப் பெயர். இளசிலேயே குடிக்க இதமாக இருக்கும், விலை குறைந்த பினோட்டாஜ் இளம் கேபர்னேயை முந்துவது நான் தினமும் பார்ப்பது.

வெருலம் அக்கா எழுதியது:

சமூசாவை யாருமே கவனிக்கவில்லையே தம்பி! மிளகாய்க் காரம் வாயில் இருக்கும்போது துவர்ப்பும் ஆல்கஹால் சூடும் இரண்டு மடங்காகத் தெரியும். ருசி பார்க்கும்போது வெறும் ரொட்டி, தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். மதிப்பெண் எழுதி முடித்தபின் ஆட்டுக்கறி வரட்டும். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் 11 போட்ட அந்தக் கேபர்னே உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறியோடு (காரம் பாதியாக) வேறு ஒயினாகவே இருக்கும். நாங்கள் வீட்டில் இரண்டு மதிப்பெண் எழுதுவோம், வெறும் வாய்க்கு ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று. பல முறை வரிசையே தலைகீழாகும்.

இன்னொன்று, வாசனைக்குப் புத்தகத்துப் பெயர் தேடாதீர்கள். பிளாக்கரண்ட் பழத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? எனக்கு நல்ல கேபர்னேயில் நாவல்பழம் வருகிறது, ஷிராஸில் அப்போதுதான் இடித்த மிளகு. அப்படியே எழுதுகிறேன், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த ஒயின் நாக்குக்கு வந்துவிடுகிறது.

ஜோபர்க் ஷிராஸ் எழுதியது:

மேலே சொன்னது எல்லாமே சரி, ஆனால் சராசரி எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் 18, இன்னொருவர் 8 போட்டால் சராசரி 13, ஆனால் 13 என்று அங்கே யாருமே நினைக்கவில்லை. அந்த இடைவெளிதான் பேச வேண்டிய விஷயம். அவரவர் எண்ணை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்டெல்லன்போஷ் கானன்காப் தோட்டத்தின் பால் சாவர் 2015 ஒயினுக்கு டிம் அட்கின் என்ற ஒயின் விமர்சகர் 100க்கு 100 போட்டார் என்றால் அது அவர் ஒருவர் நாக்கு, அவர் பெயரோடு நிற்கிறது, அதனால்தான் அதற்கு அர்த்தம்.

லேபிளையும் பாருங்கள். ஒயின் ஆஃப் ஆரிஜின் ஸ்டெல்லன்போஷ் என்று போட்டிருந்தால் திராட்சை முழுவதும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கோஸ்டல் ரீஜன் (ஸ்டெல்லன்போஷும் அடங்கிய பெரிய வட்டாரம்) என்றால் பல ஊர்த் திராட்சை கலந்திருக்கலாம், விலை குறைந்ததில் அது அதிகம்.

சாட்ஸ்வொர்த் வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கலவையில் கால் பாட்டில் மிச்சம் இருந்தது, முகர்ந்தால் அட்டை வாசனை அன்றைக்கு இருந்ததைவிட மோசம். கடையில் தக்கையோடு கொடுத்தேன், மறுபேச்சு இல்லாமல் அதே ஒயினில் வேறு பாட்டில் கொடுத்தார்கள். நேற்று நாலு பேர்தான் வந்தார்கள், ஃப்ரிட்ஜில் வைத்து, ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டு, ரொட்டியோடு மட்டும் பார்த்தோம். 17, 18, 16, 18. சராசரி எடுக்கவில்லை. முதல் மடக்கில் நாவல்பழம், அப்புறம் பென்சில் சீவின மாதிரி ஒரு வாசனை, விழுங்கின பிறகும் ரொம்ப நேரம் நாக்கில் நின்றது.

முதலிடம் வந்த பினோட்டாஜ் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன், கோஸ்டல் ரீஜன்தான். அடுத்த மாதம் ஸ்டெல்லன்போஷ் பினோட்டாஜ் மட்டும் ஆறு. மலைச்சரிவு, எந்த அறுவடையிலிருந்து ஆரம்பிக்கலாம்?