கன்வேர்ஷனுக்கு ஒரு சொல், வெள்ளிக்கு முன்

நல்லூர் ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஒரு சொல்லில் தடக்கி நிற்கிறேன். 'ரவுண்ட்' பெயராகவும் வரும், வினையாகவும் வரும், பெயரடையாகவும் வரும். ஈற்றில் ஒன்றும் ஒட்டாது. இதைத்தான் கன்வேர்ஷன் என்கிறார்கள். அகராதியைத் திறந்தால் மதமாற்றம் என்று கிடக்கிறது! நேற்றுப் பலகையில் 'வோட்டர் த பிளான்ட்ஸ்' என்று எழுதினேன். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், வினையை விட்டிட்டீங்கள்" என்றாள்.

கோப்பாய் மாஸ்ரர்:
பிள்ளை, வீட்டில் இருப்பதைக் கடையில் தேடுகிறீர். அடி, வெட்டு, உதை எல்லாம் விகுதி இல்லாமலே பெயராகின்றன. நாய் கடித்தது, நாய்க்கடி. முதனிலைத் தொழிற்பெயர். சுடு 'சூடு' ஆனால் முதனிலை திரிந்த தொழிற்பெயர். புதுச்சொல் எதற்கு?

நல்லூர் ரீச்சர்:
அது வினை பெயராகிற வழி மட்டும்தானே மாஸ்ரர். எனக்கு மறுவழிதான் சிக்கல். செடியைத் 'தண்ணீர்த்தோம்' என்போமா? ஊற்றத்தானே வேண்டும்.

மானிப்பாய் ஐயா:
ஆகுபெயர் இருக்கிறது, ஆகுவினை என்று வைத்தால் என்ன? கிறீன் வைத்தியர் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த ஊரிலிருந்து கேட்கிறேன். மறுவழி தமிழில் இல்லை என்பதும் சரியில்லை. பூ பூத்தது, காய் காய்த்தது, கனி கனிந்தது, தளிர் தளிர்த்தது. மரத்தில் உள்ளதெல்லாம் இரண்டு வேலை பார்க்கிறது. முந்தியது பெயரா வினையா என்று 2 நாளாக யோசிக்கிறேன். எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை பூத்ததோடு சரி.

கோப்பாய் மாஸ்ரர்:
வினைதான் முந்தியது, பூத்ததால் பூ. ஆகுபெயரில் மாறுவது பொருள். 'ஊர் சிரித்தது' என்றாலும் ஊர் பெயராகவேதான் நிற்கிறது. ஆகுவினை படித்த பிள்ளை தமிழ்ச் சோதனையில் எதை எழுதிவைக்குமோ! மாம்பூவுக்குப் பனி பட்டிருக்கும், ஐயா.

வல்வெட்டித்துறைத் தம்பி:
'உருமாறாச் சொல்லாக்கம்' எப்படி?

நல்லூர் ரீச்சர்:
தம்பி, 'ரெக்கோட்' பெயரானால் அழுத்தம் முதலசையில், வினையானால் இரண்டாவதில். எழுத்தில் மாறாதது வாயில் மாறுகிறது. அதோடு இவ்வளவு நீளச் சொல்லைப் பிள்ளைகள் பாடமாக்குவார்கள், விளங்கமாட்டார்கள். 'சொல்வகை மாற்றம்' போதாதா?

மானிப்பாய் ஐயா:
சப்பென்று இருக்கிறது. சரி, போடுங்கோ.

வல்வெட்டித்துறைத் தம்பி:
எனக்கும் சரி.

கோப்பாய் மாஸ்ரர்:
எனக்குச் சரியில்லை. சொல்லின் வேலைதான் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுகிறது, வகை எங்கே மாறிற்று? ஆங்கிலேயனே குழம்பிப்போயிருக்கிறான். மேசை என்கிற 'ரேபிள்' வினையானால் இங்கிலாந்தில் பிரேரணையை முன்வைப்பது, அமெரிக்காவில் அதையே ஒத்திவைப்பது. அடிக்குறிப்பிலாவது முதனிலைத் தொழிற்பெயரைக் காட்டும்.

நல்லூர் ரீச்சர்:
அந்தப் பக்கத்தில் இடமில்லை மாஸ்ரர். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

கோப்பாய் மாஸ்ரர்:
போன பதிப்பிலும் இதைத்தான் சொன்னீர்.