ட்ரெயிலர் வால் ஆட்டுது, பனியில ராஜர்ஸ் பாஸ் தாண்டணும்: உதவி தேவை

மலைப்பாதை_மணி:
வணக்கம். கனடாவுல கல்கரியில இருக்கோம். 24 அடி ட்ராவல் ட்ரெயிலர் (உள்ளயே தங்குற வண்டி), அதை இழுக்க அரை டன் பிக்கப். கோடை முழுக்க இழுத்துட்டுப் போனப்ப ஒரு தொந்தரவும் இல்ல. கிறிஸ்துமஸ் லீவுக்கு ராஜர்ஸ் பாஸ் மலைக்கணவாய் வழியா கம்லூப்ஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போகணும். சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தா, 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினதும் ட்ரெயிலர் பக்கவாட்டுல வால் ஆட்டுது. பெரிய லாரி கடந்து போனா இன்னும் மோசம். இத்தனைக்கும் ரோடு காஞ்சுதான் இருந்துச்சு. தண்ணி டேங்க்கை வடிச்சுட்டு பைப்ல ஆன்ட்டிஃப்ரீஸ் ஊத்தியாச்சு. புதுசா ஒரு ஜெனரேட்டர், பின் பம்பர் ராக்ல கட்டியிருக்கேன். பெரிய ஸ்வே பார் (ஆட்டத்தைக் கட்டுப்படுத்துற கம்பி) மாட்டினா சரியாகுமா?

பழைய_சக்கரம்:
பாருக்குக் காசு போடாதீங்க, முதல்ல எடை பாருங்க. ட்ரெயிலர் மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (பிக்கப்புல ட்ரெயிலரை மாட்டுற கொக்கி) மேல உக்காரணும். குறைஞ்சா வால் ஆடத்தான் செய்யும். உங்க தண்ணி டேங்க் அச்சுக்கு முன்னாடியா? அப்போ வடிச்சதுல முன்பக்கம் இலேசாயிடுச்சு. அது போதாதுன்னு கடைசி நுனியில ஜெனரேட்டர் வேற. லாரி எடைமேடைக்குப் போங்க. மாட்டின நிலையில, ஹிட்ச்சுல சுமையைப் பகிர்ந்து விடுற ஸ்ப்ரிங் பாரைக் கழட்டிட்டு, ட்ரெயிலர் சக்கரத்தை மட்டும் எடை போடுங்க. அப்புறம் ட்ரெயிலரைக் கழட்டி முழுசா போடுங்க. வித்தியாசம்தான் ஹிட்ச் சுமை.

வன்னிக்குருவி:
தம்பி, ரயர் காத்தையும் பாருங்கோ. 20 டிகிரியில 65 பிஎஸ்ஐ அடிச்ச ரயர், மைனஸ் 20இல 54 மட்டிலதான் நிக்கும். ரயர் தொய்ஞ்சாலும் ஆடும். விடிய, ஓட முதல் அளவுங்கோ. ஓடின சூட்டோட அளந்தால் கூடத்தான் காட்டும். மற்றது, உராய்வு வகை ஸ்வே பார் எண்டால் ஐஸ் றோட்டில தளர்த்தி விடவேணும். இறுக்கி வைச்சால் வளைவில வாகனம் திரும்பாமல் நேரா வழுக்கிக்கொண்டு போகும்.

மலைப்பாதை_மணி:
ரெண்டு பேருக்கும் நன்றி. மொத்தம் 2,350 கிலோ, ஹிட்ச்ல 190 தான்! 8 சதவீதம். டேங்க் அச்சுக்கு முன்னாடிதான் இருக்கு. 50 கிலோ ஜெனரேட்டரை முன் பெட்டிக்கு மாத்தினதும் 265 ஆச்சு. காத்தும் அடிச்சேன். 95ல கூட இப்ப அசையல. ஐஸ் மேல ஆடினா என்ன செய்யணும்?

பழைய_சக்கரம்:
265ஐ உங்க ஹிட்ச் தாங்குமான்னு அதுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாத்துக்குங்க. ஆடினா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க, ப்ரேக்கை மிதிக்காதீங்க. பிக்கப்புக்குள்ள இருக்கிற ப்ரேக் கன்ட்ரோலர்ல ட்ரெயிலர் ப்ரேக்கை மட்டும் மெதுவா அழுத்துங்க. காஞ்ச ரோட்டுக்கு வச்ச கெயின் (ட்ரெயிலர் ப்ரேக் பிடிக்கிற அளவு) ஐஸ்ல சக்கரத்தைப் பூட்டிடும்; காலியான பார்க்கிங் இடத்துல குறைச்சு வச்சுப் பழகுங்க. க்ரூஸ் கன்ட்ரோலைத் தொடவே வேண்டாம்.

வன்னிக்குருவி:
உங்கட அல்பேர்ட்டாவில வின்ரர் ரயர் சட்டம் இல்லையெண்டு இருந்திடாதேங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பாதையளில அக்டோபர் 1இல இருந்து ஏப்ரல் 30 வரை வின்ரர் ரயர் கட்டாயம், ரயர்ப் பூ (பள்ளங்களின்ர ஆழம்) 3.5 மில்லிமீற்றராவது இருக்கவேணும். ராஜர்ஸ் பாஸில பனிச்சரிவை முன்கூட்டியே இறக்க ஆமி பீரங்கியால சுடும். அந்த நேரம் றோட்டைப் பூட்டிவிடுவினம். வெளிக்கிட முதல், மாகாண றோட்டு நிலவரம் போடுற டிரைவ்பிசி தளத்தைப் பாருங்கோ. கோல்டனுக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் இடையில 150 கிலோமீற்றர் மட்டில, கடை கண்ணி பெரிசா இல்லை. கோல்டனிலயே பெற்றோல் நிரப்பிப்போட்டு ஏறுங்கோ.