கொடுங்கரைப் பள்ளம்: தடுப்பணையா, மலைச்சரிவு வேலையா?

ஆனைகட்டி விவசாயி:
தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையாக ஓடும் கொடுங்கரைப் பள்ளத்தில், ஆனைகட்டிப் பாலத்துக்குக் கீழே இன்னொரு தடுப்பணை கட்டியாக வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் செந்நிறமாகப் புரண்டு வரும் வெள்ளம் இரண்டே நாளில் பவானி ஆற்றுக்குப் போய்விடுகிறது. மாசி பிறந்துவிட்டால், மணலில் முழங்கை ஆழம் தோண்டிக் காத்திருந்தால்தான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும் அளவுக்கு ஊற்று சுரக்கிறது. மாங்கரை மலையில் பெய்வதும் இங்கே வந்து சேருவதால், அணை நிரம்பாமல் போகாது.

தடாகம் நில அளவையர்:
ஒரு திருத்தம். மாங்கரையிலிருந்து ஆனைகட்டிக்கு ஏறும் சாலை கடக்கும் முகடுதான் நீர்பிரி மேடு. அதன் கிழக்கே விழும் மழை தடாகம் வழியாகச் சங்கனூர்ப் பள்ளத்துக்கும், அங்கிருந்து நொய்யலுக்கும் செல்கிறது. மேற்கே விழுவது மட்டுமே தங்கள் பள்ளத்துக்கு வரும். பிரிந்த இரண்டு நீரும் காவிரியில்தான் சேருகின்றன என்பது வேறு செய்தி.

அகளி வாசகர்:
தடுப்பணை எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 15 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள சுவர், 100 மீட்டர் தூரத்துக்கு நீரைத் தேக்கினால், பள்ளத்தின் சாய்வைக் கழித்தபின் பதினொரு லட்சம் லிட்டர்தான் தேறும். அதே வேளையில், 100 ஹெக்டேர் மலைச்சரிவில் வரப்பு போட்டு 10 மி.மீ. மழையை மட்டும் மண்ணுக்குள் இறக்கினால் அது ஒரு கோடி லிட்டர். எல்லைக்கு இப்பால் கேரளத்தில் உள்ள எங்கள் அட்டப்பாடி மலைப்பகுதியின் மேற்கே 3,000 மி.மீ. அளவுக்குக் கொட்டும் மழை, நம் கிழக்குப் பகுதியில் 1,000 மி.மீட்டரைக்கூட எட்டுவதில்லை, மழைமறைவில் இருக்கும் நமக்கு, விழும் இடத்திலேயே பிடிப்பதைவிட நல்ல வழி கிடையாது. ஜப்பானியக் கடனுதவியுடன் அட்டப்பாடியில் நடந்த மீட்புப் பணியும் மொட்டைச் சரிவுகளில் மரம் வளர்த்து மண்ணைக் காப்பதைத்தான் முதன்மையாகக் கொண்டது.

ஆனைகட்டி விவசாயி:
மாங்கரை பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அகளி நண்பரின் கணக்கிலோ ஒரு குறை இருக்கிறது: அணை ஒரு மழைக்காலத்தில் ஒருமுறை மட்டும் நிரம்புவதில்லை, நிரம்பி, கசிந்து, மறுமழையில் மீண்டும் நிரம்புகிறது. மேலே இருக்கும் தடுப்பணைக்கு அருகிலுள்ள என் கிணற்றில் பங்குனி வரை இரண்டு ஆள் நீர் நிற்பதை நேரில் வந்து பார்க்கலாம். சரிவில் வரப்பு போடச் சொல்கிறீர்கள்; அந்தச் சரிவு காப்புக்காடு, அங்கே மண்வெட்டியுடன் கால்வைக்க எனக்கு உரிமை இல்லை.

அகளி வாசகர்:
பலமுறை நிரம்பும் என்பது உண்மை, அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் தாங்களே சொன்ன அந்தச் செந்நிறத்தை மறக்க வேண்டாம். அது சரிவின் மேல்மண். அணைக்குள் படிந்த வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் களிப்படலம்தான் கசிவை அடைத்துவிடும். கீழே கடும்பாறை, அதற்கு மேலுள்ள சிதைந்த பாறையடுக்குதான் நம் கிணறுகளுக்கு நீர் தரும் பஞ்சு. அதை மேலிருந்து நிரப்பாமல் ஆழ்துளைக் கிணறுகளால் உறிஞ்சிக்கொண்டே போனால், எத்தனை சுவர் எழுப்பினாலும் மாசியில் பள்ளம் வறண்டுதான் கிடக்கும். காட்டுக்குள் தங்களுக்கு உரிமையில்லை என்பது சரி. காட்டு எல்லைக்குக் கீழே பட்டா நிலத்துச் சரிவு நிறையவே இருக்கிறது, அங்கே தொடங்கலாம்.

ஆனைகட்டி விவசாயி:
என் மூன்று ஏக்கரும் சரிவுதான். வரப்பு போடுகிறேன், ஆனால் அணைக்கான மனுவைத் திரும்பப் பெறமாட்டேன்; ஆடுகள் இந்த மாசியிலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.