ராபர்ட் ஆடம் டிராயிங்ஸ் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

மக்களே, லண்டன்ல 18ஆம் நூற்றாண்டுல பெரிய பணக்காரங்க வீட்டுக்கெல்லாம் டிசைன் போட்ட ராபர்ட் ஆடம் இருக்காரே, அவரோட ஆபீஸ் டிராயிங்ஸ் வச்சு ஒரு காலேஜ் ப்ராஜெக்ட் பண்றேன். சுமார் 9000 தாள், 1833ல ஜான் சோன்ங்கிற கட்டிடக் கலைஞர் வெறும் 200 பவுண்டுக்கு மொத்தமா வாங்கிட்டாரு, இப்போ லண்டன்ல அவர் பேர்ல இருக்கிற சோன் மியூசியத்துல இருக்கு.

நான் எடுத்திருக்கிறது ஆஸ்டர்லி பார்க், லண்டன்ல சைல்ட்ங்கிற பேங்கர் குடும்பத்துக்கு ஆடம் டிசைன் போட்ட வீடு. அங்க டிராயிங் ரூம்ல மேல சீலிங்ல என்ன டிசைனோ கிட்டத்தட்ட அதே கீழ கார்ப்பெட்லயும் வருது, படுக்கையறைல இருக்கிற கட்டில் கூட ஒரு குட்டிக் கோயில் மாதிரி குவிமாடத்தோட, கொஞ்சம் ஓவர்தான் ஆனா பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

இப்போ பிரச்சினை என்னன்னா அந்தக் கட்டிலை மரத்துல சின்ன மாடலா செய்யணும், டிராயிங்ல அடிக்கணக்குல ஸ்கேல் கோடு இருந்தா அதை வச்சே கம்ப்யூட்டர்ல அளவு எடுத்தா சரியா வருமா, இல்ல பழைய பேப்பர் சுருங்கியிருக்கும்னு ஏதாவது கழிக்கணுமா? அப்புறம் டிராயிங்ஸ்ல வர்ற அந்த வெளிர் பச்சை, ரோஸ் வாட்டர்கலர் வாஷ் (தண்ணி கலந்து மெல்லிசா பூசுற கலர்) திட்டுத்திட்டா வராம எப்படிப் போடறது, எந்தப் பேப்பர் நல்லது? மியூசியத்துல நேர்ல டிராயிங் பார்த்தவங்க யாராவது இருந்தா கண்டிப்பா கமெண்ட் போடுங்க ப்ளீஸ், அடுத்த மாசம் சப்மிஷன்.