நாற்பதுக்கு மேல் முடிவெட்டக் கற்றவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி, கழனிவாசல் பக்கத்திலிருந்து:

முதலில் என் கதை. 43 வயதில் முடிவெட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் கல்யாணமான நாளிலிருந்து பிளவுஸ் தையல்தான். குனிந்தே உட்கார்ந்து கழுத்தெலும்பு தேய்ந்துபோய், இனிமேல் மெஷின் பக்கம் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண் கல்லூரியில் கடைசி வருடம், பையன் பிளஸ் டூ. சும்மா உட்கார முடியாத நேரம்.

இலவசப் பயிற்சி ஒன்றை விசாரித்தேன். வயதைக் கேட்டதும் வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள். அப்புறம் பணம் கட்டிப் படிக்கிற இடங்கள். எங்கே போனாலும் மணப்பெண் அலங்காரம்தான் பேச்சு. "முடிவெட்ட எத்தனை நாள் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டால், "அது ஒரு மதியம் போதும்கா" என்றாள் ஒரு பெண். அவர்களைக் குறை சொல்லவில்லை. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் புரளும் பணத்துக்கு அவர்கள் கண் அங்கேதான் போகும். ஆனால் மணப்பெண்ணுக்கு மேக்கப் போட என் வயதில் புதிதாக வருகிறவளை யார் கூப்பிடுவார்கள்? இன்ஸ்டாவில் படம் போடுகிற சின்னப் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். முடி அப்படியில்லை. எல்லாருக்கும் மாதம் அரை அங்குலம் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

கடைசியில் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு பார்லரில் கையாளாகச் சேர்ந்தேன். ஓனருக்கு என் தங்கச்சி மகள் வயது. நான் அவளை மேடம் என்றேன், அவள் என்னை அக்கா என்றாள், கொஞ்ச நாளில் மேடம் போய் 'பாப்பா' ஆயிற்று. கூட்டுவது, டவல் துவைப்பது, தலை அலசிவிடுவது, இதெல்லாம் செய்துகொண்டே பார்த்துக் கற்பது. மதியம் ஆள் இல்லாத நேரத்தில் டம்மித் தலையில் பழகுவேன்.

தையல்காரிக்குக் கத்தரி புதிதா என்று எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் கஷ்டமே. துணி வெட்டும்போது கீழ் அலகு மேசையில் கிடக்கும், கை முழுக்கச் சேர்ந்து அழுத்தும். முடிக் கத்தரியில் மோதிர விரல் மாட்டிய அலகு அசையவே கூடாது. கட்டைவிரல் மட்டும் திறந்து மூட வேண்டும். பழைய கை விடாது. சீரியல் பார்க்கும்போதெல்லாம் மடியில் கத்தரியை வைத்துக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தேன், வீட்டில் எல்லாருக்கும் வேடிக்கை. இன்னொன்று, பிளவுஸ் துணியை நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்த பிறகுதான் வெட்டுவோம். முடி ஈரத்தில் நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். சுருட்டை முடி என்றால் இன்னும் ஏறும். அதற்கு இடம் விட்டு வெட்ட வேண்டும் என்பது மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

மற்றபடி அடிப்படை அவ்வளவு ரகசியமில்லை. தலையோடு ஒட்டிக் கீழே சீவி வெட்டினால் ஒரே நீளம், தலைக்கு நேர்குத்தாக 90 டிகிரி தூக்கி வெட்டினால் லேயர். காரைக்குடியில் பாதிப் பேர் கேட்பது யூ கட், அதாவது பின்பக்க நுனி ஆங்கில 'U' மாதிரி வளைந்து நிற்பது. அதற்கும் மேல் கேட்பது, "நுனி மட்டும்". ஒவ்வொருவர் நுனியும் ஒவ்வொரு நீளம். வாயால் சொல்வதை நம்பாதீர்கள். அவர்கள் கையாலேயே அவர்கள் முடியில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். செவ்வாயும் வெள்ளியும் வெட்ட மாட்டோம் என்பவர்கள் நம் பக்கம் இன்னும் நிறைய. அந்த நாட்களில் பார்லரில் பழக நேரம் கிடைக்கும்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். முகப்பு ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில் முடிகிற வீடு. அத்தனை பெரிய வீட்டில் படுக்கையில் ஓர் ஆச்சி, பார்த்துக்கொள்ள ஒரு பெண், அவ்வளவுதான். மகள் அமெரிக்காவிலிருந்து போனில் பேசினார். ஆச்சி விழுந்து இடுப்பு ஒடிந்து மாதக்கணக்கில் படுத்த படுக்கை. தலை தலையணையில் உரசி உரசிப் பின்பக்கம் முழுக்கச் சடை விழுந்துவிட்டது. வெட்டி எடுத்துவிடலாம் என்று பார்த்துக்கொள்ளும் பெண் சொல்ல, ஆச்சி முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

சடையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் இறுகும். நல்லெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி ஊறவிட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நுனியிலிருந்து ஆரம்பித்து, முதலில் சீப்பே இல்லாமல் விரலால்தான். வேர்ப் பக்கத்தை இடது கையால் பிடித்துக்கொண்டால் இழுக்கிற வலி மண்டைக்குப் போகாது. விரலுக்கும் மசியாத கட்டியைக் குறுக்கே வெட்டினால் நீளம் போய்விடும். அதனால் கத்தரி முனையை உள்ளே விட்டு நெடுக்காகக் கீறிவிட்டேன். இரண்டாகப் பிரிந்ததும் ஒவ்வொன்றாக இளகியது. பிறகு பெரிய பல் சீப்பு. ஒரே நாளில் முடியவில்லை, ஆச்சியால் அவ்வளவு நேரம் ஒரு பக்கமாகப் படுக்க முடியாது. மறுநாளும் போனேன்.

நடுவில் ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "கொண்டைக்கு நிக்குமா ஆத்தா?"

நிற்கும் ஆச்சி என்று சொல்லி, தோளுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். சின்னதாக ஒரு கொண்டை வந்தது. கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல், "சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து பள்ளத்தூரில் இரண்டு வீடு, கோட்டையூர், புதுவயல். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் நம் பக்கம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவர்களால் பார்லர் படி ஏற முடியாது. பார்லர் பெண்களுக்கு அங்கே போக நேரமில்லை, பொறுமையும் இல்லை. நம் வயது அங்கே ஒரு குறை இல்லை, அதுதான் உள்ளே விடுகிற சீட்டு. நாற்பதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஏசி போட்ட பார்லர் வைக்கக் கடன் வாங்குவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் அனுபவம் என்ன?

தேவகோட்டையிலிருந்து:

அக்கா, நான் ஆண்கள் பக்கம். மலேசியாவில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், வயது 49. மச்சான் கடையிலேயே கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தது அங்கே வேலை பார்த்த தம்பி, என்னில் பாதி வயதுகூட இருக்காது. "அண்ணே, மெஷினை அழுத்தாதீங்க, அது தானா போகும்" என்று அவன் சொன்னதை இப்போதும் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் பிடிக்கிறேன். மெஷினில் மாட்டுகிற சீப்புக்கு நம்பர் உண்டு. 1 என்றால் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், 2 என்றால் 6. அதை வைத்து ஓரளவு ஓட்டிவிடலாம். ஆனால் காதோரம் தோலிலிருந்து மேலே போகப் போகக் கோடே தெரியாமல் கறுப்பேறுகிற ஃபேட் இருக்கிறதே, அது எனக்கு வராது. வந்தவரைக்கும் போதும் என்று விட்டுவிட்டேன். செல்போனில் கிரிக்கெட் வீரர் படத்தைக் காட்டுகிற பையன்களைத் தம்பியிடம் தள்ளிவிடுவேன். பெரியவர்களுக்குக் கட்டிங், ஷேவிங், குழந்தைகளுக்கு மொட்டை, இது என் பங்கு.

நம் பக்கத்தில் சீசனைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை, அது முடிவதற்குள் பழனி பாதயாத்திரைக்கு மாலை. தைப்பூசம் வரைக்கும் ஊரில் பாதி ஆண்கள் தாடியோடுதான் இருப்பார்கள். வாடகை மட்டும் மாதம் தவறாமல் வரும். மொட்டையை நம்பலாம் என்றால் அது குன்றக்குடிக்கும் பழனிக்கும் போய்விடுகிறது. 2021-லிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமும் கிடையாது. நல்ல விஷயம்தான், வருகிறவனுக்குச் செலவு மிச்சம்.

ஒரு விஷயம் மட்டும் அடித்துச் சொல்வேன். ஆளுக்கு ஒரு புது பிளேடு. வாடிக்கையாளர் கண் முன்னால் பிரித்துப் போடுங்கள். மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் ரத்தத்தில் தொற்றுகிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

திருமயம் பக்கத்திலிருந்து:

கானாடுகாத்தான் கதையை இரண்டு தடவை படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது, சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுக்காதீர்கள்.

எங்களுக்கு இது பரம்பரைத் தொழில். வீடு வீடாகப் போய் வெட்டுவது உங்களுக்குப் புது யோசனை. எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய வீடுகளுக்குப் போவார், கொல்லைப்புறம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கூலி வருஷத்துக்கு ஒரு தடவை நெல். எங்கள் அப்பத்தா அதே வீடுகளில் பிரசவம் பார்த்தவர். பிள்ளை பிறக்கிற அன்று மட்டும் அவர் எந்த வாசல் வழியாக வந்தாலும் யாரும் கேட்டதில்லை. அப்பா ஒரு நாற்காலி வாங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை போட்டு, ஆட்களைத் தன்னிடம் வரவைத்ததுதான் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம். நான் 38 வயதில் முறையாகப் பெண்களுக்கு வெட்டக் கற்றுக்கொண்டு பார்லர் வைத்தபோதும், வீட்டுக்கு வரச் சொன்னால் வர மாட்டேன் என்பதுதான் என் முதல் விதி. இப்போது படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும் போகிறேன். போனிலேயே சொல்லிவிடுவேன், முகப்பு வழியாகத்தான் வருவேன் என்று. ஒருவரைத் தவிர யாரும் மறுக்கவில்லை. அந்த ஒருவர் வீட்டுக்கு நான் போகவில்லை.

கடன் பற்றி எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் சிகை அலங்காரமும் அழகுக்கலையும் இருக்கிறது. 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். குறைந்தபட்ச வயது 35. வயது கூடிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இது நல்ல சேதி. 35 என்று வைத்ததற்குக் காரணமும் உண்டு. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே சேரலாம். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டிவிடும் என்று இங்கே அதை ஏற்கவில்லை. படிக்கிற வயதில் பையன் படிக்கட்டும், அதற்கு மேல் தானே விரும்பி வந்தால் வரட்டும். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

புதுவயலிலிருந்து:

எனக்கு 46. கண்ணாடி போட்டிருக்கிறேன், கால் வீக்கமும் உண்டு. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? ஆச்சி வீட்டுக் கதையைப் படித்ததும் ஆசையாக இருக்கிறது.

காரைக்குடி, கழனிவாசல் பக்கத்திலிருந்து:

திருமயம் சகோதரிக்கு முதலில். நீங்கள் சொன்னது தப்பே இல்லை. என்னை யாரும் கொல்லைப்புறமாக வரச் சொன்னதில்லை, தையல்காரியாகத் தெரிந்தவள் என்பதால் இருக்கலாம். அதே வேலைக்கு நீங்கள் போனால் போனில் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதை நான் யோசித்திருக்கவில்லை. இனிமேல் என்னோடு பழக வருகிற பெண்களிடமும் முகப்பு விஷயத்தைச் சொல்லி வைப்பேன்.

புதுவயல் தங்கச்சிக்கு: கண்ணாடிதான் நம் வயதில் முதல் பிரச்சினை, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கையில் இருக்கிற முடி ஒரு தூரம், எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற தலை இன்னொரு தூரம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் முடி தெரியும், எதிரே தெரிகிற தலை மங்கும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும், அதனால் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். கண் டாக்டரிடம் என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லி, கையை நீட்டி தூரத்தைக் காட்டிக் கேளுங்கள். எனக்கு புரொக்ரசிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்தார், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே கண்ணாடி. பழகும் வரை படி இறங்கும்போது தலை சுற்றியது, பிறகு சரியாகிவிட்டது.

கால் வீக்கத்துக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை, நரம்பு சுருட்டல் இருந்தால் கூடும். வீட்டு வேலை என்றால் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அது நம் கையில். நான் கட்டிலின் உயரத்துக்கு ஏற்ற முக்காலி கொண்டுபோய் உட்கார்ந்தே வெட்டுகிறேன்.

டை போடச் சொல்லி ஆச்சிகள் கேட்பார்கள். ஆசையாகக் கேட்கிறார்களே என்று அன்றைக்கே போட்டுவிடாதீர்கள். கறுப்பு டையில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். முந்தின தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் இல்லை. காதுக்குப் பின்னால் துளி வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த தடவை போடுங்கள்.

சேருவதென்றால் ஆடியில் சேருங்கள். கல்யாணம் இல்லாத மாதம், பார்லரில் சொல்லிக் கொடுக்க ஆளும் இருக்கும், நேரமும் இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் டவல் துவைக்கத்தான் கூப்பிடுவார்கள்.